சட்டம் வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம்

விவாதக் குழுவில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் அறிவு அல்ல, வேகம். பதினாறு வயதில் நான் ஆங்கிலத்தை ஜெர்மன் உச்சரிப்போடும் யாழ்ப்பாணத்து அவசரத்தோடும் பேசிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்துவிட்டு நாங்கள் லண்டனுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வெம்பிளிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உயர்தர வகுப்பில் சேர்ந்திருந்தேன். நான் ஏதாவது பதில் சொல்லி முடித்தால் ஆசிரியர்கள் ஒரு கணம் பொறுத்து, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொல்வார்கள். வகுப்பில் ஒரே ஒரு பெண்தான் அதைக் குறையாக நினைக்கவில்லை. அவள் குஜராத்திக்காரி. ஒருநாள் மதிய இடைவேளையில் என் மேசைக்கு வந்து, என்னைப் போல ஒருத்தியைத்தான் இவ்வளவு நாளும் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

அவளுடைய அப்பாவின் வேலை காரணமாக அவர்கள் மூன்று வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடங்களில் 'பாலிசி டிபேட்' என்று ஒன்று இருக்கிறதாம். இங்கே நடக்கும் விவாதங்களில் கையை ஆட்டி இரண்டு பகிடி விட்டால் பாதி வெற்றி. தலைப்பும் அன்றோடு போய்விடும். அங்கே அப்படியில்லை. அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஒரே தலைப்பு, ஒரு வருடம் முழுவதற்கும். பக்கத்துக்கு இரண்டு பேர். காலையில் அதை ஆதரித்துப் பேசியவர்கள் மத்தியானம் அதையே எதிர்த்துப் பேச வேண்டும். பத்திரிகைகளிலிருந்தும் அறிக்கைகளிலிருந்தும் வெட்டியெடுத்த ஆதாரங்களைப் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளில் சுமந்துகொண்டு போய், கொடுத்த எட்டு நிமிடத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் சொல்லித் தள்ள வேண்டும். தெரியாத ஒருவர் கேட்டால் மீன் ஏலம் போடுகிறார்கள் என்று நினைப்பாராம். லண்டனில் ஐந்தாறு கல்லூரிகள் ஒரு வருடத்துக்கு இதைப் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தன. எங்கள் கல்லூரி சார்பில் ஓர் ஆள் இருந்தாள், இரண்டு பெட்டியும் இருந்தன. இன்னோர் ஆள் தேவைப்பட்டது.

தலைப்பை அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். புகலிடம் கேட்டு வந்திருப்பவர்களுக்கு, அவர்களுடைய விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை வேலை செய்யும் உரிமையை அரசாங்கம் வழங்க வேண்டும். நான் வாசித்தேன், சேருகிறேன் என்றேன். அந்தத் தலைப்பு எங்கள் வீட்டுச் சின்ன அறையில் ஒரு கட்டில் போட்டுப் படுத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. அப்போது முப்பத்துநான்கு வயது. ஊரில் நில அளவையாளராக இருந்தவர். வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முடிவு வரவில்லை. வரும்வரை வேலை செய்யக்கூடாது என்பது அப்போதைய விதி. குறித்த நாளில் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைப்பார், திரும்பி வருவார், மீதி நேரத்தில் எதையாவது அளப்பார். எங்கள் வீட்டு முன்னறை சரியான செவ்வகம் இல்லை, ஒரு மூலை ஒன்றரை அங்குலம் விலகியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். குளியலறைகளுக்கு மாபிள் பதிக்கும் தொழில் செய்கிற என் அப்பாவுக்கு அது தன் தொழிலைக் குறை சொன்ன மாதிரிப் பட்டுவிட்டது. அந்த மூலையைப் பற்றி இருவரும் இரண்டு கிழமை, பதினான்கு நாளும், வாதாடினார்கள். கடைசியில் அப்பா சோபாவை இழுத்து மூலையை மறைத்துவிட்டார்.

முதல் பயிற்சி கல்லூரி நூலகத்தில் நடந்தது. தோழி எழுதி வைத்திருந்த வாதத்தை வாசித்துவிட்டு எனக்குத் தோன்றியதை அப்படியே சொன்னேன். அரசாங்கம் இதை ஒருநாளும் செய்யாது, பத்திரிகையைத் திறந்து பார், பிறகு ஏன் இவ்வளவு காகிதம்? அவள் பேனையை மூடி வைத்தாள். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான் என்றாள். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாள். ஃபியட்.

அவள் விளக்கியது இப்படி. தலைப்பில் இருப்பது 'வழங்க வேண்டும்'. 'வழங்கும்' என்று இல்லை. அது நடக்காது என்று எதிரணி சொல்லலாம் என்றால் எந்த விவாதமும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். உலகத்தில் எந்த நல்ல யோசனையைப் பற்றியும் யாரும் பேச முடியாது. ஆகவே இரண்டு அணியும் தொடக்கத்திலேயே ஓர் ஒப்பந்தத்துக்கு வருகின்றன. இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு, நாங்கள் சொல்லும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படி நிறைவேறியது, யார் கையை உயர்த்தினார்கள் என்று கேட்பதில்லை. நிறைவேறினால் நல்லதா கெட்டதா, அதைச் சொல். அந்தச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்ததாம். 'ஆகட்டும்' என்று அர்த்தமாம்.

எனக்குப் புல்லரித்தது. விவாதத்துக்காக அல்ல. எங்கள் வீட்டில் ஒரு வசனம் இருந்தது. நாய் வளர்ப்பது, நான் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போவது, அம்மா கார் ஓட்டப் பழகுவது என்று எந்தக் கதை எழுந்தாலும் அப்பா அந்த ஒரு வசனத்தால் அதைப் படுக்க வைத்துவிடுவார். 'உது நடக்கிற கதையே?' அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதை எழும்பாது. இப்போது ஒரு லத்தீன் சொல் அந்த வசனத்தைச் சட்டவிரோதமாக்கியிருந்தது. நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று முதல் பேச்சைச் சத்தமாக வாசித்தேன். அப்பா வேலை உடுப்போடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தபடியே, இரண்டாவது பந்தி முடியுமுன் அப்பா வாயைத் திறந்தார்.

"உது நடக்கிற கதையே?"

"அப்பா, நீங்கள் அதைச் சொல்ல ஏலாது. விதி இருக்கு."

"என்ன விதி?"

"ஃபியட்."

"அது கார் எல்லோ?"

நான் விளக்கினேன். அப்பாவுக்கு அது பெரிய ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. கேட்கக்கூடிய ஒரே கேள்வியைக் கேட்கக்கூடாது என்றால் அது என்ன விவாதம் என்று தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். மாமா மட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப சட்டம் வந்திட்டுது," என்றார்.

"ஓம் மாமா. வந்திட்டுதெண்டு வைப்பம்."

"எப்ப தொடக்கம்?"

"இப்ப தொடக்கம்."

"அப்ப திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகலாம்."

"ஓம்."

மாமா குசினிப் பக்கம் திரும்பி, "அக்கா, திங்கட்கிழமை எனக்குச் சாப்பாடு கட்டவேணும்," என்றார். எங்கள் கதை எதையும் கேட்டிராத அம்மா, எங்கே போகிறாய் என்றுகூட விசாரிக்காமல், இடியப்பமா புட்டா என்று உள்ளே இருந்தபடியே கேட்டாள். மாமா நெடுநேரம் யோசித்துப் புட்டு என்றார்.

தோழியின் வீடு இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். கிழமையில் ஒருநாள்தான் சேர்ந்து பயிற்சி செய்ய முடிந்தது. மற்ற நாட்களுக்கு எனக்கு ஓர் எதிரணி தேவை என்று மாமாவுக்குத் தெரிந்ததும் அவர் தானாகவே அந்தப் பதவியை ஏற்றுக்கொண்டார். ஒரு கொப்பி வாங்கிவந்து, அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து, இடப்பக்கம் என் வாதம், வலப்பக்கம் தன் மறுப்பு என்று அலுவலகத்து ஒழுங்கோடு எழுதினார். நான் ஆங்கிலத்தில் பேசுவேன். அவர் தமிழில் மறுப்பார். அப்பா ஏமாற்று வேலை என்று சொல்லிக்கொண்டே முட்டை அவிக்கும் மணிக்கூட்டை வைத்து நேரம் பார்ப்பார்.

மாமா எதிரணியில் பயங்கரமான ஆள். வேலை கொடுத்தால் இன்னும் ஆட்கள் வருவார்கள் என்பார். ஏற்கெனவே இங்கே உள்ளவர்களுக்குச் சம்பளம் குறையும் என்பார். விண்ணப்பம் தள்ளுபடியானால் வேலையில் வேரூன்றிப்போன ஒருவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்பார். ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"நீ ஆற்ற பக்கம்?"

"இந்தக் கிழமை அரசாங்கத்தின்ர பக்கம் அக்கா," என்றார் மாமா. கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இன்னொரு நாள் அவர் கேட்டார், சட்டம் வந்தது சரி, வேலை தருகிறவனுக்கும் சட்டம் வந்ததோ, அவன் தரத்தான் வேண்டுமோ என்று. நான் அந்தச் சொல்லின் போதையில் இருந்தேன். ஓம், அதுவும் ஃபியட்தான் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் நான் சொன்னதை இடப்பக்கம் அப்படியே எழுதிக்கொண்டார்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது எதிரணிக்கு வாதம் தீர்ந்துவிட்டது. மாமா கொப்பியை மூடிவிட்டுச் சும்மா இருந்தார். நான் விடவில்லை. ஏதாவது சொல்லச் சொல்லி நச்சரித்தேன்.

"எனக்கு வேலை வேண்டாம் பிள்ளை," என்றார். "முடிவு வேணும். ஆறு கிழமையில ஓம் எண்டோ இல்லையெண்டோ சொன்னால் காணும். காத்திருக்கேக்க என்ன செய்யலாம் எண்டு ஏன் சட்டம்? காக்க வைக்காமல் விடச் சொல்லிச் சட்டம் கொண்டுவரச் சொல்லு."

ஒரு மனிதர் ஒன்றரை வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை வெளியே எடுத்து மேசையில் வைத்திருந்தார். பதினாறு வயதில் நான் மனிதரைப் பார்க்கவில்லை, வாதத்தைப் பார்த்தேன். ஓடிப்போய்த் தோழிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் மறுமுனையில் துள்ளியது எனக்குக் கேட்டது. எதிர்க்கும் அணி சும்மா இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, தன் பங்குக்கு இன்னும் நல்ல திட்டம் ஒன்றை வைக்கலாம், இது அதுதான் என்றாள். நடந்ததாக வைத்துக்கொள்ளும் சலுகை எதிரணிக்கும் உண்டா என்று கேட்டேன். அமெரிக்காவில் அதைப் பற்றியே வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள், நடுவரைப் பொறுத்தது என்றாள். நான் முன்னறைக்குத் திரும்பி வந்தபோது மாமா மூலையிலிருந்த சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் நித்திரையா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. அது இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது.

போட்டி ஒரு சனிக்கிழமை, ஆற்றுக்குத் தெற்கே ஒரு கல்லூரியில். மாமாவும் வருகிறேன் என்றார். பார்வையாளராக உட்காருவது வேலை ஆகாது, அதற்குத் தடை இல்லை என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, இஸ்திரி போட்ட சேட்டோடு காலை ஏழு மணிக்கே வாசலில் நின்றார். ஜூபிலி லைன் ரயிலில் ஓர் ஆதாரப் பெட்டியை அவர் மடியிலும் மற்றதை என் மடியிலும் வைத்துக்கொண்டு போனோம்.

முதல் சுற்றில் நாங்கள் ஆதரிக்கும் அணி. மாமாவைக் கன்டீனில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். எதிரே கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பையன்கள். நடுவர் சட்டம் படிக்கும் ஒரு பல்கலைக்கழக மாணவர். கடுமையான தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மேசையில் டிஷ்யூப் பெட்டி வைத்திருந்தார். நான் எட்டு நிமிடப் பேச்சை ஏழே கால் நிமிடத்தில் முடித்துவிட்டு, குறுக்குக் கேள்விக்குத் தயாராக நின்றேன்.

முதல் பையன் மரியாதையாகத்தான் தொடங்கினான். வேலை செய்யும் உரிமை வந்ததும் முதலாளிகள் இவர்களை வேலைக்கு எடுப்பார்களா என்று கேட்டான். எடுப்பார்கள், ஃபியட் என்றேன். இவர்களுக்கு ஆங்கிலம் தெரியுமா என்றான். தெரிந்துவிடும், ஃபியட். பக்கத்து வீட்டுக்காரர்கள் முணுமுணுக்க மாட்டார்களா? மாட்டார்கள், அதுவும் ஃபியட். பக்கத்தில் இருந்த தோழி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் அதை உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பையனுக்கு இப்போது குஷி பிறந்துவிட்டது. அப்படியென்றால் இந்தச் சட்டம் வந்ததும் லண்டனில் மழை நிற்குமா என்று கேட்டான். அறை சிரித்தது. நடுவர் சிரித்துத் தும்மினார். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, அது தேவைப்பட்டால் அதையும் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

தோற்றோம். நடுவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். அந்தச் சலுகை எங்களுக்குக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். சட்டம் நிறைவேறியது. அது வேலை செய்தது என்று அது கொடுக்காது. மனிதர்கள் அதற்குப் பிறகும் மனிதர்களாகத்தான் இருப்பார்கள். முதலாளி முதலாளியாகத்தான் இருப்பான். அவர்கள் ஏன் மாறுவார்கள் என்பதை நாங்கள்தான் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். அரசாங்கத்தை நீங்கள் கேட்டபடி ஆட வைக்கலாம், உலகத்தை ஆட வைக்க முடியாது என்று சொல்லி, மழையைப் பற்றிய பதிலுக்கு மட்டும் ஒரு சின்னப் பாராட்டுத் தந்தார்.

கன்டீனில் மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கொப்பியைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, விரலால் காட்டினார்.

"வேலை தாறவனுக்கும் சட்டமோ எண்டு நான் கேட்டனான். நீ ஓம் எண்டனி. இஞ்ச இருக்கு."

இரண்டாம் சுற்றில் நாங்கள் எதிர்க்கும் அணி. புகலிடம் கேட்டவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கக்கூடாது என்று நான் ஓர் அறைக்குள் நின்று பேச வேண்டும். வீட்டில் மணிக்கூட்டோடும் வெங்காயத்தோடும் அது விளையாட்டு. இங்கே முன்பின் தெரியாதவர்கள் இருந்தார்கள். மாமாவை எப்படியாவது கன்டீனில் நிறுத்தி வைக்கப் பார்த்தேன்.

"நீங்கள் இஞ்சயே இருங்கோ மாமா. அங்க நான் எதிர்த்துப் பேசவேணும்."

"தெரியும். என்ர பேச்சுத்தானே," என்று எழுந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

கடைசி வரிசையில் போய் இருந்தார். அறையில் நாங்கள் நால்வர், நடுவர், வேறு ஐந்தாறு மாணவர்கள், மாமா. நடுவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருந்த ஓர் ஆசிரியை. முதலில் எதிரே இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ஆதரித்துப் பேசினாள். நல்ல பேச்சு. வேலையில்லாமல் நாள் முழுவதும் வீட்டுக்குள் இருப்பது மனிதனை என்ன செய்யும் என்று ஓர் அறிக்கையிலிருந்து வாசித்தாள். நான் எழுந்தேன். என் வாய் முதன்முறையாக மெதுவாகப் போனது. அரை நிமிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தற்செயலாகக் கடைசி வரிசையைப் பார்த்தேன். மாமா வீட்டில் செய்வதுபோலவே வலது கையைக் காற்றில் சுழற்றிக்கொண்டிருந்தார். வேகமாகப் போ என்று அர்த்தம்.

போனேன். அவருடைய வாதங்கள் எல்லாவற்றையும் அவர் எழுதிய ஒழுங்கிலேயே சொன்னேன். கடைசியில் அந்தத் திட்டத்தை வைத்தேன். காத்திருக்கும்போது வேலை செய்யும் உரிமை வேண்டாம். காத்திருப்பே வேண்டாம். ஆறு கிழமைக்குள் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முடிவு சொல்ல வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவரட்டும். கொண்டுவந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஆதரித்துப் பேசிய பெண் பாய்ந்து எழுந்தாள். அப்படி வைத்துக்கொள்ளும் வசதி தலைப்பை ஆதரிப்பவர்களுக்குத்தான், எதிர்க்கிற எங்களுக்குக் கிடையாது என்றாள். அதற்குத் தோழி பதில் சொன்னாள். நீங்கள் ஒரு நல்ல உலகத்தைக் கற்பனை செய்யலாம், நாங்கள் மட்டும் இப்போதிருக்கிற உலகத்தைக் காவல் காக்க வேண்டுமா என்று கேட்டாள். ஆசிரியை கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டு ஏதோ எழுதினார்.

பிறகு அந்தப் பெண் என்னிடம் திரும்பினாள். சரி, ஆறு கிழமையில் முடிவு. அந்த முடிவு இல்லை என்பதாக இருந்தால்?

இந்தக் கேள்வி எங்கள் கொப்பியில் இல்லை. வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை. மாமா எதிரணியாக நூறு கேள்வி கேட்டிருந்தார், இதைக் கேட்டதில்லை. என் கையில் இருந்த காகிதங்களில் எதிலும் பதில் இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன். நேரம் ஓடியது. அப்படியென்றால் இல்லை என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றேன். 'அவர்களுக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் 'அவருக்கு' என்று வந்துவிட்டது. கடைசி வரிசையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தபோது மாமா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வென்றோம். கற்பனை செய்யும் உரிமை ஓர் அணிக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது என்றும், ஆதரிக்கும் அணி கேட்ட கடைசிக் கேள்வியே அந்தச் சுற்றின் மிகச் சிறந்த கேள்வி என்றும், ஆனாலும் நாங்கள் அதைக் கண்டு ஓடவில்லை என்றும் ஆசிரியை சொன்னார். மாமா கை தட்டினார். அங்கே கை தட்டும் வழக்கம் இல்லை. ஒரே ஒரு ஆளின் கைதட்டல் அறை முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அவர் எழுந்து, பரிசு வாங்கியவர்போலத் தலையைக் குனிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்த இரண்டு சுற்றில் ஒன்றில் வென்றோம், ஒன்றில் தோற்றோம். கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை. தோழி தன் அப்பாவின் காரில் போனாள். நானும் மாமாவும் பெட்டியோடு ரயிலில் ஏறினோம். வாட்டர்லூ கடந்து இடம் கிடைத்து உட்கார்ந்தபின் அவர் பேசினார்.

"அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி."

"எது மாமா?"

"இல்லையெண்டு வந்தால் எண்டது. நான் அதை யோசிக்கேல்லை எண்டில்லை. ஆனா ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. அக்காவும் அத்தானும் பயத்தில கேக்கமாட்டினம்."

நான் கேட்கட்டுமா என்றேன். கேள் என்றார்.

"இல்லையெண்டு வந்தால் என்ன செய்வியள்?"

ரயில் இரண்டு நிலையங்களில் நின்று புறப்பட்டது. எதிரே இருந்தவர் இறங்கிப் போனார்.

"அழுவன்," என்றார். "பிறகு அப்பீல் எழுதுவன். அதுக்குப் பிறகு வழக்கம்போலச் சமைப்பன். வேற என்ன?" சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்தேன். அவர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறையாவது நான் அவரிடம் அந்த விண்ணப்ப அலுவலைப் பற்றி நேரடியாகக் கேட்பேன். அவரும் மழுப்பாமல் சொல்வார்.

போட்டி முடிந்த பின்னும் அந்தச் சொல் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டது அம்மாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த கையோடு, அப்பாவைப் பார்த்து மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் லைசன்ஸ் எடுத்திட்டன் எண்டு வைப்பம். முதல் எங்க போவம்?"

அப்பா பிரைட்டன் என்றார். மாமா அது தூரம், முதல் தடவைக்கு எட்மண்டனில் இருக்கும் சித்தி வீடு போதும் என்றார். அப்பா அதற்கு வடக்குச் சுற்றுவீதியில் ஏற வேண்டும், புதிதாக ஓட்டுகிறவருக்கு அது கூடாது, உள்வீதியால் போவதுதான் நல்லது என்று மேசையில் உப்புப் போத்தலையும் ஊறுகாய்ப் போத்தலையும் வைத்து வழி காட்டினார். அரை மணி நேரம் போயிருக்கும். எந்தச் சந்தியில் அம்மா வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊறுகாய்ப் போத்தல் அவர் கையில் இருந்தது. அம்மா எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அடுத்த மாதமே பழகத் தொடங்கினாள். சட்டம் நிறைவேறியதுதான், மிச்சத்தை உலகம் பார்த்துக்கொண்டது. மூன்று தடவை பரீட்சையில் தவறினாள், நான்காவது தடவை சித்தியடைந்தாள்.

பரீட்சார்த்தமாகத் தொடங்கிய அந்த விவாதப் போட்டி ஒரு வருடத்தோடு நின்றுபோனது. கல்லூரிகளுக்கு அவ்வளவு காகிதம் பிடிக்கவில்லை. தோழி பின்னாளில் மருத்துவம் படிக்கப் போனாள். மாமாவுக்கான முடிவுக் கடிதம் போட்டிக்கு அடுத்த வசந்த காலத்தில், ஒரு புதன்கிழமை காலை வந்தது. நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அவர் வாசலில் நின்றபடியே உறையைப் பிரித்து ஒரு தடவை வாசித்தார். படிக்கட்டில் உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ஓம் என்றுதான் வந்திருந்தது. நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. வாயில் விரலை வைத்து, அக்கா வேலையில் இருப்பாள், இப்போது தொலைபேசி எடுத்துச் சொன்னால் கைகால் பதறும், வீட்டுக்கு வரட்டும் என்றார். அப்பாவுக்கு மட்டும் சொன்னோம். அவர் வேலைத்தலத்திலிருந்து வந்தும் உள்ளே வராமல் தன் வான் வண்டிக்குள்ளேயே கால் மணி நேரம் இருந்தார்.

மாமாவுக்கு முதலில் கிடைத்தது அளவை வேலை இல்லை. அது கிடைக்க இன்னும் மூன்று வருடம் எடுத்தது. முதலில் பார்க் ரோயலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். முதல் நாள் பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் மூவரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல முன்னறையில் காத்துக்கொண்டிருந்தோம். அவர் சப்பாத்தைக் கழற்றினார், கதிரையில் விழுந்தார், உடனே தொடங்கினார். அந்த வேலை ஒரு வேலையே இல்லை. தட்டுகளுக்கு இலக்கம் போட்டவனுக்கு ஒன்று இரண்டு தெரியாது. மேற்பார்வைக்காரன் யார் சொல்வதையும் கேட்கமாட்டான். தேநீர் கழுவின தண்ணீர். ஓர் இடைவேளைக்கும் அடுத்த இடைவேளைக்கும் நடுவில் ஒரு யுகம். சாப்பிடும்போதும் நிறுத்தவில்லை. சாப்பிட்டு முடித்தும் நிறுத்தவில்லை.

"பிடிக்காட்டி விடு மச்சான்," என்றார் அப்பா. "வேற பாப்பம்."

மாமா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"விடுறதோ? நாளைக்கு ஆறு மணிக்கு நான் அங்க நிக்கவேணும் அத்தான்."

அம்மா அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் கறி வைத்தாள். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அந்த மேற்பார்வைக்காரன் அப்படி என்னதான் சொன்னான், முதலிலிருந்து சொல்லு என்று கேட்டாள். மாமா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.